நீக்கும் உரிமை

மூல நிரலை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அனுப்பி, இரண்டையும் எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் கருவிகளுக்கு மூன்றே வேலைகள். புதிதாக வந்த கோப்பைக் கொண்டுபோக வேண்டும். மாறிய கோப்பைப் புதுப்பிக்க வேண்டும். மூலத்தில் இல்லாமல் போன கோப்பை நகலிலிருந்தும் நீக்க வேண்டும். முதல் இரண்டில் குழப்பத்துக்கு இடமே இல்லை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, படித்து அனுப்பினால் முடிந்தது. மூன்றாவது அப்படியல்ல. ஒரு கோப்பு ‘இல்லை’ என்றால் அதை யாரோ வேண்டுமென்றே நீக்கியிருக்கலாம். பெயர் மாற்றியிருக்கலாம். வட்டு இணையாமல் போயிருக்கலாம். படிக்கும் அனுமதி பறிபோயிருக்கலாம். நாம் கேட்ட கிளையே (நிரலின் தனிப் பதிப்பு வரிசையே) தவறாக இருக்கலாம். கருவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்: அங்கே கோப்பு இல்லை. அந்த ‘இல்லை’யை எப்படிப் புரிந்துகொள்வது என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் ஒத்திசைவு அமைப்பின் பெரும்பகுதி என்று கொஞ்ச நாளாக எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. வேகம், சுருக்கம், அலைவரிசைச் சிக்கனம் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது அலுவலகத்தில் நடந்த ஒரு விவாதம். கோவையில் நிரல் எழுதும் குழு, சென்னையில் பில்ட் செய்யும், அதாவது நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் சர்வர். நிரல், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில்தான் இருக்கிறது. ஆனால் பில்டுக்கு அது மட்டும் போதாது. வெளியிலிருந்து வாங்கிய நூலகங்கள், கருவிகள் உருவாக்கித் தரும் இடைக் கோப்புகள், கனமான சோதனைத் தரவுகள் எல்லாம் வேண்டும். அவை கிட்டுக்குள் போகாது. அதனால் மொத்த மரத்தையும், அதாவது எல்லா ஃபோல்டர்களையும், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் மணிக்கொருமுறை சென்னைக்கு அனுப்பும் ஏற்பாடு, நான் அந்தக் குழுவுக்கு வருவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கட்டளையில் டெலீட் இருந்தது: மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்ற தேர்வு. ஒரு வார இறுதியில் கோவையில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் மீண்டும் எழுந்தபோது இயங்குதளம் எழுந்தது, ஆர்சிங்க் எழுந்தது, நிரல் இருந்த இரண்டாவது வட்டு மட்டும் மவுன்ட் ஆகவில்லை. வட்டு இணைய வேண்டிய ஃபோல்டர் இருந்தது. அதற்குள் எதுவும் இல்லை. ஆர்சிங்க் அந்தக் காலி ஃபோல்டரை மூலமாக எடுத்துக்கொண்டு, சென்னையில் இருந்ததையும் அதேபோலக் காலியாக்கிவிட்டது.

ஆர்சிங்கைக் குறை சொல்ல முடியாது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996-இல் கான்பெராவில் உருவாக்கிய அந்தக் கருவியில் இதற்கென்றே ஒரு தடுப்பு இருக்கிறது. மூலத்தைப் படிக்கும்போது ஏதாவது பிழை நேர்ந்தால், நீக்கும் வேலையை அது தானாகவே நிறுத்திவிடும். முழுதாகப் படிக்க முடியாத பட்டியலை வைத்து எதையும் அழிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் காலி ஃபோல்டரைப் படிப்பதில் பிழை ஏதும் இல்லையே. திறந்தது, பார்த்தது, ஒன்றும் இல்லை. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தேறியது.

நிரல் எல்லோருடைய மடிக்கணினியிலும் இருந்ததால் உடனே திரும்பி வந்தது. சோதனைத் தரவுகளை மீட்கத்தான் பாடுபட்டோம். அது முடிந்த பிறகு, எங்கள் குழுவில் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட்டார்: “டெலீட்டை எடுத்துவிடலாமே, அண்ணா? வட்டில் இடம் நிறைய இருக்கிறது. பழைய கோப்பு நான்கு கூடுதலாகக் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?”

அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று சொல்ல வார்த்தை வரவில்லை. டெலீட் போனது.

பழைய கோப்பு செய்த வேலை

பதில் சில வாரங்களில் தானாக வந்தது. குழுவில் ஒருவர் ஒரு பைத்தான் கோப்பின் பெயரை மாற்றினார். அந்தக் கோப்பைப் பயன்படுத்தும் இடங்களை எல்லாம் திருத்தினார், ஒன்று விடுபட்டுப்போனது. இப்படி விடுபடுவது சாதாரணம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பில்ட் சர்வரும் சோதனைகளும் இருக்கின்றன. விடுபட்ட இடம் பழைய பெயரைத் தேடும், கிடைக்காது, சோதனை தோல்வியடையும், யாராவது திருத்துவார்கள். சென்னையில் அப்படி நடக்கவில்லை. பழைய பெயரில் இருந்த கோப்பு அங்கே பத்திரமாக இருந்தது. விடுபட்ட இடம் அதைக் கண்டுபிடித்தது, மகிழ்ச்சியோடு இயங்கியது. எல்லாச் சோதனைகளும் பச்சை. நிரல் வாடிக்கையாளரிடம் போனது. அங்கே பழைய கோப்பு இல்லை. முதல் ஓட்டத்திலேயே நின்றுவிட்டது.

நீக்காமல் விடுவது பாதுகாப்பு என்ற நினைப்பு அன்றோடு எனக்கு முற்றிலும் போனது. புகைப்படங்களையோ கணக்கு ஆவணங்களையோ நகலெடுக்கும்போது பழையது ஒன்று கூடுதலாகக் கிடந்தால் தொந்தரவில்லை. மூல நிரல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ஒரு நிரல் மரத்தில் எது இல்லை என்பதும் அந்த நிரலின் ஒரு பகுதி. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் தேடும் வரிசையில் முதலில் அகப்படும் பழைய ஹெடர் கோப்பு, ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் பில்ட் விதி, நீக்கப்பட்ட சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது என்று நீக்கப்படாத கோப்பு நுழைய ஆயிரம் வாசல்கள் இருக்கின்றன. நீக்கல் ஒத்திசையாத நகலில் நாம் சோதிப்பது, எந்தக் காலத்திலும் யாரும் எழுதாத ஒரு நிரலை.

ஆக, டெலீட் இருந்தால் ஒரு நாள் எல்லாம் போகலாம். இல்லாவிட்டால் சோதனைகளையே நம்ப முடியாது. இரண்டையும் பார்த்துவிட்ட பிறகு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதே தவறு என்று தோன்றியது. வேறு எப்படிக் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு பழைய கருவி

அந்தச் சமயத்தில்தான் சிவிஎஸ்அப் என்ற ஒத்திசைவுக் கருவி நினைவுக்கு வந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜான் போல்ஸ்ட்ரா எழுதியது. மாடுலா-3 மொழியில் எழுதப்பட்டதால், அதைத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டுமானால் முதலில் அந்த மொழியின் தொகுப்பியையே நிறுவ வேண்டியிருந்தது. அதை நினைத்துப் பலர் பெருமூச்சு விட்டதுண்டு. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை எட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது செய்த உதவியைச் சொல்லி முடியாது. நிரலின் பழைய பதிப்புகளையும் சேர்த்துவைக்க அப்போது பயன்பட்ட சிவிஎஸ் அமைப்பின் களஞ்சியக் கோப்புகளின் உள்ளமைப்பு அதற்குத் தெரியும். ஒரு கோப்பில் புதிதாகச் சேர்ந்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பும். மற்ற வகைக் கோப்புகளுக்கு ஆர்சிங்கின் வழிமுறையையே கையாளும். மோடம் முனகிக்கொண்டிருக்க, ஒரு முழு இயங்குதளத்தின் மூல நிரலும் அன்றைய நிலைக்கு வந்து சேர்வதைப் பார்ப்பதில் ஒரு தனிக் கிளர்ச்சி இருந்தது.

அதை அமைக்க ஒரு சிறிய உரைக் கோப்பு போதும். சப்ஃபைல் என்பார்கள். எந்த சர்வரிலிருந்து எடுக்க வேண்டும், கணக்கு வழக்குக் கோப்புகளை எங்கே வைக்க வேண்டும், நிரலை எங்கே இறக்க வேண்டும், எந்தக் கிளை, சுருக்கி அனுப்ப வேண்டுமா, கடைசியில் எந்தெந்தத் தொகுப்புகள் என்று பத்துக்கும் குறைவான வரிகள். அவற்றில் ஒன்றில் டெலீட் என்ற சொல் இருக்கும். மாதிரிக் கோப்புகள் எல்லாவற்றிலும் அது இருந்ததால் யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பழைய கையேட்டைத் தேடியெடுத்து அந்த ஒரு சொல்லுக்கான விளக்கத்தை மட்டும் படித்தேன். டெலீட் என்பது சிவிஎஸ்அப்புக்கு நாம் தரும் அனுமதி. அந்த அனுமதி இருந்தாலும், தான் நீக்க வேண்டியதை மட்டுமே அது நீக்கும். நீங்கள் கூடுதலாக வைத்திருக்கும் கோப்புகளைத் தொடாது. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தான் நீக்க வேண்டியது எது என்று ஒரு கருவிக்கு எப்படித் தெரியும்? சிவிஎஸ்அப்புக்குத் தெரியும், ஏனென்றால் அது எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு தொகுப்புக்கும் தான் கொண்டுவந்து இறக்கிய கோப்புகளின் பட்டியலை, செக்கவுட்ஸ் என்ற பெயரில் தனியாகப் பராமரித்தது. அந்தப் பட்டியலில் இருந்து, இப்போது மூலத்தில் இல்லை என்றால் நீக்கும். பட்டியலிலேயே இல்லாத கோப்பு என்றால், அது தன்னுடையதல்ல, யாரோ இங்கே வைத்தது, விட்டுவிடும். ஆர்சிங்க் மூலத்தையும் நகலையும் மட்டும் பார்க்கிறது. மூலத்தில் காணோம் என்றால் நகலில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு நேற்று என்று ஒன்று கிடையாது. மூலப் பாதையின் கடைசியில் சாய்கோட்டைச் சேர்த்து (ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அனுப்பு என்று பொருள்), சேரும் இடமாகத் தவறுதலாக ஒரு படி மேலே இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டால், அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் சம்பந்தமே இல்லாத திட்டங்களையும் அது அழித்துவிடுவது இதனால்தான். சிவிஎஸ்அப் அதே தவறில் அவற்றைத் தொட்டிருக்காது.

நம் ஊரில் குடும்ப அட்டையிலிருந்து ஒருவர் பெயரை நீக்க வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். விசாரிக்க வந்தபோது ஆள் வீட்டில் இல்லை என்பது போதாது. எங்கள் கேள்வி அப்போது மாறிவிட்டது. நீக்கலாமா என்பதை விட்டுவிட்டு, என்ன சான்றின் பேரில் நீக்குகிறாய் என்று கருவியைக் கேட்க வேண்டும். ஆர்சிங்க் கேட்கும் சான்று: மூலத்தில் காணோம். சிவிஎஸ்அப் கேட்கும் சான்று: மூலத்தில் காணோம், அதோடு அதைக் கொண்டுவந்தது நான்தான்.

இதனால் சிவிஎஸ்அப் ஒரு குறையும் இல்லாத கருவி என்று சொல்ல வரவில்லை. அதன் கையேட்டிலேயே ஒரு எச்சரிக்கை உண்டு. இயங்குதள நிரலுக்குக் கிளைகள் இருந்தன. நான்காம் பதிப்பின் கிளை, ஐந்தாம் பதிப்பின் கிளை என்று தேவையானதை டேக் வரியில் எழுதலாம். ஆயிரக்கணக்கான வெளி மென்பொருள்களைத் தொகுக்க உதவும் போர்ட்ஸ் தொகுப்புக்கு அந்தக் காலத்தில் அப்படிக் கிளைகள் கிடையாது. அதற்கு டேக் என்ற இடத்தில் வெறும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தலைக்கிளை என்று பொருள். புள்ளிக்குப் பதில் இயங்குதளத்தின் கிளைப் பெயரையே போர்ட்ஸுக்கும் எழுதிவிட்டால், அந்தக் கிளையில் ஒரு கோப்புகூட இல்லை என்று சர்வர் உண்மையாகவே பதில் சொல்லும். எல்லாமே சிவிஎஸ்அப் கொண்டுவந்த கோப்புகள். எல்லாமே இப்போது ‘இல்லை’. போர்ட்ஸ் மரம் முழுதும் போய்விடும். கையேடு இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது என்றால், எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது சான்றும் போதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நேற்றுவரை இருந்த எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போனால், அந்த அளவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். நாமாக ஒரு எல்லையைக் கொடுக்காவிட்டால், அளவைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை.

சிவிஎஸ்அப்பின் முடிவுக்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் அதை சி மொழியில் திருப்பி எழுதி சிசப் என்ற பெயரில் இயங்குதளத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மாடுலா-3 தொல்லை தீர்ந்தது. ஆனால் 2012 நவம்பரில், ஒரு நிரலாளரிடமிருந்து களவுபோன எஸ்எஸ்எச் சாவியை (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மின்சாவியை) கொண்டு ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் இரண்டு கணினிகளுக்குள் யாரோ நுழைந்திருந்தது தெரியவந்தது. மூல நிரல் மாற்றப்படவில்லை என்று ஆராய்ந்து அறிவித்தார்கள். கூடவே, சிவிஎஸ்அப் வழியை விட்டு வேறு வழிகளுக்கு மாறும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டார்கள். வந்து சேர்ந்த நிரல் உண்மையில் திட்டத்திலிருந்து வந்ததுதானா என்று சரிபார்க்க சிவிஎஸ்அப்பில் எந்த வசதியும் கிடையாது. சர்வர் சொல்வதை அது அப்படியே நம்பியது. நீக்கச் சொன்னால் நம்பியதைப் போலவே.

கிட் இருந்தால் போதுமா?

இதைக் குழுவில் பேசியபோது ஒருவர், எல்லாவற்றையும் கிட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. கிட்டில் நீக்கல் என்பது இன்னொரு கமிட், அதாவது பதிவுசெய்யப்பட்ட மாற்றம். யார், எப்போது, என்ன காரணத்துக்காக நீக்கினார் என்று பெயர் போட்டு வருகிறது. சான்று என்று நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். ஒரு கிளையையே யாராவது அழித்தாலும் கிட் பெயரைத்தான் உடனே விடுகிறது, உள்ளடக்கத்தை அல்ல. யாரும் சுட்டாத பொருள்களை (கிட் சேமித்துவைக்கும் உள்ளடக்கத் துண்டுகளை)க்கூட வழக்கமாக இரண்டு வாரம் வைத்திருந்த பிறகே குப்பையில் போடுகிறது.

ஆனால் சர்வர்களுக்கிடையே மிரர், அதாவது மூலத்தை அப்படியே பின்பற்றும் நகல் வைக்கும்போது இந்த நிதானம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகிறது. மிரர் என்று சொல்லி நகல் எடுத்தால், அங்கே இருக்கும் எல்லாப் பெயர்களையும் அப்படியே இங்கே எழுது என்ற விதி, முன்னால் ஒரு கூட்டல் குறியோடு அமைப்புக் கோப்பில் உட்கார்ந்துவிடும். கூட்டல் குறிக்குப் பொருள்: வரலாறு பொருந்தாவிட்டாலும் மேலே எழுது. அதோடு ப்ரூன் செய்யச் சொன்னால், அங்கே இல்லாத கிளை இங்கேயும் போகும். கிளைகள் முன்பு எங்கே நின்றன என்று குறித்துவைக்கும் ரெஃப்லாக், இத்தகைய வெற்றுக் களஞ்சியங்களில் (வேலை செய்வதற்கான கோப்புகள் இல்லாமல் வரலாற்றை மட்டும் வைத்திருப்பவற்றில்) இயல்பாக அணைந்தே இருக்கிறது. யாரும் நேரடியாக வேலை செய்யாத, எல்லோரும் கடைசிப் புகலிடமாக நினைக்கும் களஞ்சியத்தில்தான் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இல்லை.

லினக்ஸ் கணினிகளுக்கான டெஸ்க்டாப் மென்பொருளை உருவாக்கும் கேடிஈ திட்டத்துக்கு 2013 மார்ச்சில் நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சுமார் 1,500 கிட் களஞ்சியங்கள் ஒரு மைய சர்வரில் இருந்தன. உலகின் பல இடங்களில் மிரர்கள் இருந்தன. அவையே தங்கள் காப்பு என்று நிர்வாகிகள் கருதியிருந்தார்கள். மார்ச் 22 அன்று பாதுகாப்புத் திருத்தங்களுக்காக நிறுத்தப்பட்ட அந்த மெய்நிகர் சர்வர் மீண்டும் எழுந்தபோது அதன் கோப்பு முறைமை சிதைந்திருந்தது. மிரர்கள் எல்லாம், எந்தெந்தக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை மைய சர்வரிடமிருந்து எடுத்து, அதன்படி தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். சிதைந்த சர்வர் சிதைந்த பட்டியலைத் தந்தது. பட்டியலில் இல்லாத களஞ்சியங்கள் நீக்கப்பட்டவை என்று மிரர்கள் எடுத்துக்கொண்டன. ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன. கிட்டின் உள்ளே இருக்கும் எந்த நிதானமும் அங்கே உதவவில்லை. களஞ்சியம் இருந்த ஃபோல்டரே போன பிறகு இரண்டு வாரக் கெடு எதைக் காப்பாற்றும்? கிட் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே பெயர் வைப்பதால், கெட்டுப்போனது நகலெடுக்கும்போதே தெரிந்துவிடும் என்று எண்ணியிருந்தார்கள். மிரர் நகல் எடுக்கும் எல்லாச் சூழலிலும் முழுச் சரிபார்ப்பு நடப்பதில்லை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. புதிதாக அமைக்கப்பட்டிருந்த இன்னொரு சர்வரில் கெடாத நகல் ஒன்று மிஞ்சியிருந்ததால் தப்பித்தார்கள்.

கேடிஈயின் நிர்வாகிகள் கைதேர்ந்தவர்கள். நடந்ததை மறைக்காமல் விரிவாக எழுதினார்கள்; அதனால்தான் அந்நியனான நான் இதைப் பற்றிப் பேச முடிகிறது. அந்த விவரிப்பைப் படித்தபோது, கோவையில் எங்கள் காலி ஃபோல்டர் செய்த அதே வேலையை அங்கே சிதைந்த பட்டியல் செய்திருப்பது முகத்தில் அறைந்தது. கருவிகள் வேறு, அளவு வேறு. இரண்டு இடத்திலும் ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

நாங்கள் வைத்த அமைப்பு

டெலீட் திரும்பி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னவர், டெலீட்டை எடுக்கச் சொன்ன அதே பெண். “வட்டு மவுன்ட் ஆகும் ஃபோல்டரையே ஏன் மூலமாகக் கொடுக்கிறோம், அண்ணா? அதற்குள் ஒரு படி இறங்கி, வட்டிலேயே இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்தால் என்ன?” என்றார். அவ்வளவுதான். வட்டு இணைந்திருந்தால் அந்த உள் ஃபோல்டர் இருக்கும். இணையாவிட்டால் அந்தப் பாதையே இராது. இல்லாத பாதையைப் படிக்கச் சொன்னால் ஆர்சிங்க் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்றால் நீக்காது. காலியாக இருப்பதையும் காணாமல் போனதையும் வேறுபடுத்திக் காட்ட ஒரு ஃபோல்டர் ஆழம் போதுமாக இருந்தது. ஆர்சிங்கின் தடுப்பு எங்கள் ஏற்பாட்டில் எப்போதுமே இருந்தது. அது வேலை செய்யும் நிலையில் நாங்கள் அதை வைத்திருக்கவில்லை.

அளவைக் கவனிக்க ஆர்சிங்கில் மேக்ஸ்-டெலீட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. இத்தனைக்கு மேல் நீக்காதே என்று எண் கொடுக்கலாம். பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. ஐம்பது என்று கொடுத்தால், நீக்க வேண்டியவை ஐம்பதாயிரம் என்று தெரிந்து ஆரம்பத்திலேயே நின்றுவிடாது; முதல் ஐம்பதை நீக்கிவிட்டுத்தான் நிற்கும். மிச்சத்தை விட்டுவிட்டேன் என்று எச்சரித்து, 25 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். அப்போது நகல் மூலத்தைப் போலவும் இராது, நேற்றைப் போலவும் இராது. அதனால் முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையான ட்ரை-ரன் ஓட்டி, நீக்கப் போகும் கோப்புகளை எண்ணி, எண்ணிக்கை எல்லைக்குள் இருந்தால் மட்டும் உண்மையான ஓட்டத்தைத் தொடங்கும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினோம். மேக்ஸ்-டெலீட்டும் இருக்கிறது, ஆனால் இரண்டாவது வேலியாக. ட்ரை-ரன்னுக்கும் உண்மையான ஓட்டத்துக்கும் நடுவில் மூலம் மாறிவிடலாமே.

நீக்கப்படுபவை உடனே அழியாமல், தேதியிட்ட தனி ஃபோல்டருக்கு நகரும்படி பேக்கப்-டிர் தேர்வைச் சேர்த்தோம். அந்த ஃபோல்டர் சேரும் மரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் அடுத்த ஓட்டத்தில் அதுவும் மூலத்தில் இல்லாத ஒன்றாகத் தெரியும், நீக்கலுக்கு ஆளாகும். சிவிஎஸ்அப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கொண்டுசேர்த்த கோப்புகளின் பட்டியலையும் எழுதி வைக்கிறோம். பட்டியலில் இல்லாத ஒரு கோப்பு நீக்க வேண்டிய வரிசையில் வந்தால் ஸ்கிரிப்ட் நின்று கேட்கும். சென்னையில் யாரோ கையால் வைத்த உரிமக் கோப்பு ஒன்று அப்படித்தான் தப்பியது. கிட்டின் உள் ஃபோல்டரை ஆர்சிங்கில் அனுப்புவதை அறவே நிறுத்திவிட்டோம். நகலெடுக்கும் நடுவில் யாராவது கமிட் செய்தால், கிளைப் பெயர் வந்துசேர்ந்து அது சுட்டும் பொருள் வராமல் போக வாய்ப்புண்டு. கிட் களஞ்சியத்தைக் கிட்டைக் கொண்டே நகர்த்துகிறோம். பெறும் பக்கத்தில் கிளையை அழிப்பதையும் வரலாற்றை மேலெழுதுவதையும் மறுக்கும் அமைப்புகளைப் போட்டு, வரும் பொருள்களைச் சரிபார்க்கும் ஃப்ஸ்க் அமைப்பையும் இயக்கி வைத்திருக்கிறோம். கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. அந்த மெதுவை நான் மனமாரக் கொடுக்கிறேன்.

எல்லையாக என்ன எண்ணை வைப்பது என்பதில்தான் இன்னும் சண்டை. ஒரு பெரிய சீரமைப்பு நடந்து, ஒரு முழு ஃபோல்டரே இடம் மாறிய நாளில் ஒத்திசைவு நின்றது. சென்னையில் இருந்தவர்கள் பாதி நாள் பழைய நிரலோடு உட்கார்ந்திருந்தார்கள், கோபப்பட்டார்கள். எல்லையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்திக்கொண்டே போனால் அது எதையும் தடுக்காது என்பது என் கட்சி. ஒத்திசைவு சில நாள்களில் நிற்கும், நிற்கத்தான் வேண்டும், அதைக் கோளாறு என்று எண்ணுவதை விட வேண்டும் என்று வாதாடினேன். கடைசியில் ஒரு நடைமுறைக்கு வந்தோம். எல்லை தாண்டினால், நீக்கப்பட வேண்டிய கோப்புகளின் பட்டியல் அவற்றை நீக்கிய கமிட்டை எழுதியவருக்குப் போகும். அவர் ஆமாம் என்றால் ஓட்டம் தொடரும். நிர்வாகியான என்னிடம் ஒப்புதல் கேட்பதில் பயனில்லை. அந்தக் கோப்பு போக வேண்டியதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கமிட் இல்லாத கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. வாங்கிய நூலகங்களும் சோதனைத் தரவுகளும் எங்கிருந்தோ வருகின்றன. யார் கொண்டுவந்து வைத்தார் என்பதற்கே சில சமயம் தடயம் இருப்பதில்லை. யார் எடுத்தார் என்று யாரைக் கேட்பது? அந்த இரண்டு ஃபோல்டர்களும் இப்போதைக்கு டெலீட் இல்லாமலேயே ஓடுகின்றன. நூலகங்களை மட்டுமாவது, பெயரும் பதிப்பும் செக்சம்மும் (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்ணும்) எழுதிய ஒரு பட்டியலின் கீழ் கொண்டுவந்து, அந்தப் பட்டியலைக் கிட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வெளியீடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.